வரைபடத்தில் இல்லாத காலனி

2018இல் பாட்னாவில் கூகுள் தொடங்கிய வெள்ளக் கணிப்பு, இன்று 7 நாள் முன்பே எச்சரிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நல்லதுதான், செயற்கை நுண்ணறிவு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது முக்கியமாகப் பார்ப்பது ஆறுகளை. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்களை வாரிச் சென்றது ஓடைத் தண்ணீர்.

எந்திரம் பழைய பதிவுகளைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறது. சேதக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஊர்த்தெருவோடு திரும்பிப் போனால், காலனியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது எந்தப் பதிவில் இருக்கும்? பதிவில்லாத இடத்தை ஆபத்தில்லாத இடமென்று எந்திரம் எடுத்துக்கொள்ளும். படகும் முகாமும் வேறு பக்கம் போகும்.

அதிகாரிகள் அந்த வரைபடத்தை நம்பி இறங்கும் முன், ஒருமுறை காலனிக்குக் கொண்டு வரட்டும். எந்தச் சுவரில் எதுவரை தண்ணீர் ஏறியதென்று நம் பாட்டிமார் கைவைத்துக் காட்டுவார்கள்.