கணனிக் கேபிள்: கடையில் வாங்குவதா, கையால் செய்வதா?

கீரிக் கரையில் வலை பொத்துபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னர் நூல் வாங்கி வீட்டிலேயே வலை பின்னினார்கள். நைலோன் வலை வந்தபின் அதைக் கடையில் வாங்குகிறார்கள். ஆனால் கயிறு கட்டுவதும், மிதப்புப் பூட்டுவதும், கிழிந்த இடத்தைப் பொத்துவதும் இன்றும் கைவேலைதான்.

வயலை விட்டு இடம்பெயர்ந்து வந்த எமது குடும்பங்களின் பிள்ளைகள் கணனி பழகுகிறார்கள். கணனிகளை இணைக்கும் கேபிளிலும் இதே கேள்வி எழுகிறது. எதை வாங்குவது? எதை நாமே செய்வது?

இலங்கையில் 'நெனசல' எனப்படும் அறிவகங்கள் நூலகங்களிலும் விகாரைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் அமைக்கப்பட்டன. 2014இல் இத்திட்டத்துக்கு பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் மன்றத்தின் விருதும் கிடைத்தது. இத்தகைய ஓர் அறையில் இணைப்பு அற்றுப்போனால், பழுது சில வேளை கேபிளின் முனையில் மட்டுமே இருக்கும். கடற்காற்றின் உப்பு முனையிலுள்ள உலோகத்தை அரித்துவிடும். ஒரு முனையை மாற்றுவதற்காக நகரத்திலிருந்து ஆள் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா?

எது இலாபம்?

மேசையில் பாவிக்கும் ஒன்றிரண்டு மீற்றர் கேபிளைக் கடையில் வாங்குவதே நல்லது. அதன் உள்ளே மெல்லிய இழைகள் பல சேர்ந்திருப்பதால், வளைத்தாலும் இலகுவில் முறியாது. தொழிற்சாலையிலேயே சோதித்தும் வருகிறது.

சுவரோரமாக ஓடும் நீண்ட கேபிளை நாமே செய்வது இலாபம். முழுப் பெட்டியில் 305 மீற்றர் வயர் இருக்கும். தேவையான அளவுக்கு வெட்டலாம், வீண்போகாது. ஆனால் முனை பூட்டும் குறடும் சோதிக்கும் கருவியும் வாங்க வேண்டும். நான்கைந்து கேபிளுக்காக ஒரு வீடு இவற்றை வாங்கினால் நட்டமே. ஊர் இளைஞர் பத்துப்பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கினால் கணக்குச் சரிவரும்.

செய்யும் முறை

கேபிளினுள் எட்டு வயர்கள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக இருக்கும். இணைப்பானின் கொளுவி கீழ்ப்பக்கமாகவும், கேபிள் நுழையும் வாய் உங்களை நோக்கியும் இருக்கப் பிடியுங்கள். இடமிருந்து வலமாக ஒழுங்கு இதுதான்:

1. வெள்ளை-செம்மஞ்சள்
2. செம்மஞ்சள்
3. வெள்ளை-பச்சை
4. நீலம்
5. வெள்ளை-நீலம்
6. பச்சை
7. வெள்ளை-கபிலம்
8. கபிலம்

இரு முனைகளிலும் இதே ஒழுங்கு வேண்டும். பச்சைச் சோடி 3இலும் 6இலும் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். அதை 3, 4 எனப் பக்கத்தில் வைத்துவிட்டால் சாதாரண சோதனைக் கருவியில் எல்லா வெளிச்சமும் எரியும். ஆனால் இணைப்பு மந்தமாகும், அறுந்தறுந்து வரும். முறுக்குத்தான் ஒரு சோடியின் இரைச்சல் மற்றதைக் குழப்பாமல் காக்கிறது. ஆகவே முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கவேண்டாம். வெளி உறையும் இணைப்பானுக்குள் நுழைந்து இறுக வேண்டும்.

ஏமாறாதீர்கள்

மலிவான சில வயர்கள் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். இவை இலகுவில் முறியும். முழுச் செம்பு வயரையே கேட்டு வாங்குங்கள். திண்மக் கம்பி வயருக்கும் இழை வயருக்கும் இணைப்பான் வேறுபடும், அதையும் கேளுங்கள்.

ஒரு கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. மின்சார வயரோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்கு வெளியால் இழுத்தால், மின்னல் வேளையில் கருவிகள் எரியக்கூடும். அங்கே ஒளியிழைக் கேபிளோ கம்பியில்லா இணைப்போ பாவிப்பதே பாதுகாப்பு.

பழுதான கேபிளை எறிந்துவிடாதீர்கள். முனையை வெட்டிவிட்டு, பிள்ளைகள் பழகுவதற்குக் கொடுங்கள். முதல் முனைகள் பிழைக்கும், பத்தாவது சரிவரும். கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் கண்காணிப்புக் கமராவுக்கும் இதே வேலை தேவைப்படுகிறது. வயலை எம்மோடு தூக்கிவர முடியவில்லை. கையில் பழகிய தொழிலை எங்கும் கொண்டுபோகலாம்.