முத்துரங்க முதலி தெருவுக்குக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள்!

தாம்பரம் மாநகராட்சியில் வேலை வேண்டுமா? முதல் வேலையாகத் தாம்பரத்தை விட்டுக் கிளம்புங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாநகராட்சி அலுவலகம் மேற்கு தாம்பரம் முத்துரங்க முதலி தெருவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் டிகிரி முடித்த கையோடு என்னிடம் வந்தாள். "அக்கா, நம்ம தாம்பரம் ஆபீஸ்லயே வேலை கிடைச்சா நடந்தே போயிடலாம்ல? லோக்கல் டிரெயின்ல தொங்க வேணாம்." நியாயமான ஆசைதான். பயோடேட்டாவை பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டு இருவரும் போய் நின்றோம். வரி கட்ட ஒரு வரிசை, பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு வரிசை, குடிநீர் இணைப்புக்கு ஒரு வரிசை. வேலை கேட்பதற்கு மட்டும் வரிசையே இல்லை!

"இங்க இல்லைம்மா, எக்ஸாம் எழுதணும்" என்று ஒருவர் சிரித்தார். எங்களுக்கு அது ஏமாற்றமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எனக்கோ குறுகுறுப்பு தாங்கவில்லை. கதவு இங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறது? அதன் பின்னால் என்னதான் நடக்கிறது? வாருங்கள், எட்டிப் பார்த்துவிடலாம்.

பத்து ஊர், ஒரே பெயர்ப்பலகை

முதலில் வீட்டைப் பார்ப்போம். தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். 2021 நவம்பர் 3 அன்று இந்தப் பத்தும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். பத்து வீட்டுச் சாமானை ஒரே வீட்டில் இறக்கி வைத்தது போலத்தான். பத்து அலுவலகத்துக் கோப்புகள், பத்து ஊர் வரிப் பதிவேடுகள், பத்து இடத்து ஊழியர்கள்.

உள்ளே யார் யார் வேலை பார்க்கிறார்கள்? வீட்டு வாசலில் வந்து நிற்கும் பில் கலெக்டர், கோப்பு நகர்த்தும் இளநிலை உதவியாளர், கால்வாயை எட்டிப் பார்க்கும் சுகாதார ஆய்வாளர், சாலை போடும் இடத்தில் குடையோடு நிற்கும் உதவிப் பொறியாளர், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து கொசுப்புழு தேடும் பணியாளர், நாம் எழுவதற்கு முன்பே தெருவில் இருக்கும் தூய்மைப் பணியாளர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள். அதுதான் இந்த விஷயத்தின் சுவாரஸ்யமே!

பதினெட்டு ஸ்டேஷன், இரண்டு கதவு

அந்த வாசல்களைத் தேடிக் கடற்கரை லோக்கலில் ஏறுங்கள். 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. தாம்பரத்தையும் கடற்கரையையும் சேர்த்து எண்ணினால் 18 ஸ்டேஷன்கள்.

கிண்டியில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் இந்தப் பக்கம்தான். 2024 பிப்ரவரியில் நகராட்சி நிர்வாகத் துறை 1,933 இடங்களுக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தபோது, தேர்வு நடத்தும் பொறுப்பு அந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் போனது. பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், பணி ஆய்வாளர் என்று தொழில்நுட்பப் பணிகள். இது முதல் கதவு.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கி பிராட்வே பக்கம் நடந்தால் இரண்டாவது கதவு. டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். நகராட்சி ஆணையர் (நிலை 2) ஆக வேண்டுமானால் குரூப் 2. இளநிலை உதவியாளர், பில் கலெக்டர் என்றால் குரூப் 4. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். இளநிலை உதவியாளர் சம்பள விகிதம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் தேர்ந்தெடுத்தது இந்தக் கதவைத்தான். 2025 ஜூலை 12 குரூப் 4. அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 14 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 350 பேர். தாம்பரத்தில் காலை எட்டரை மணி ரயில் எவ்வளவோ தேவலை.

பிரவுசிங் சென்டர் ரகசியம்

இனி மேடைக்குப் பின்னால். முதல் காட்சி ஒரு பிரவுசிங் சென்டர். ஓடிஆர் என்கிற ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பணம் பிரச்சினையே இல்லை, போட்டோதான் பிரச்சினை! இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும், கையெழுத்து தனியாக ஸ்கேன் ஆக வேண்டும். "கண்ணாடிய கழட்டும்மா, லைட் அடிக்குது" என்று மூன்று தடவை எடுத்தார் கடைக்காரர். சாதிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரி. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது.

அங்கே கற்றுக்கொண்ட புதுச் சொல் 'பிஎஸ்டிஎம்'. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம். அதற்குப் படித்த பள்ளியிலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். பாவாடை தாவணியில் படித்த பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போய் நின்ற கதையை ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

படிப்பது எதை? ஆறிலிருந்து பத்து வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களை! பழைய புத்தகக் கடையில் ஏழாம் வகுப்புத் தமிழுக்குப் பட்டதாரிகள் அடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தேன். இன்னொரு வேடிக்கை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக நகராட்சி நிர்வாகத் துறையே பல ஊர்களில் அறிவுசார் மையங்கள் கட்டியிருக்கிறது. உள்ளாட்சி கட்டிய அறையில் உட்கார்ந்து உள்ளாட்சிக்குள் நுழையப் படிக்கலாம்.

200 கேள்வி, ஐந்து வட்டம்

தேர்வு நாள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளி. எட்டு மணிக்கே வாசலில் கூட்டம். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடும் அம்மாக்கள், கடைசி நிமிஷத்தில் நோட்டைப் புரட்டும் தம்பிகள், பத்து ரூபாய்க்குக் கருப்பு பேனா விற்கும் பாட்டி. பாட்டிக்கு விதிமுறை எல்லாம் அத்துப்படி. "நீலம் வேணாம் கண்ணு, கருப்பு பால்பாயின்ட்தான் எடுத்துப்பாங்க."

ஒன்பதரைக்குத் தொடங்கி பன்னிரண்டரை வரை. 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி 100 கேள்விகளைத் திருத்தவே மாட்டார்கள். சொத்து வரி வசூலிக்கக் கிளம்புகிறவர் முதலில் இலக்கணத்துக்கு வரி கட்ட வேண்டும்!

இப்போது இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டி என நான்கு விடைகள். ஐந்தாவதாக 'இ' என்று ஒரு வட்டம். அதன் பொருள் 'விடை தெரியவில்லை'. காலியாக விடக் கூடாது. தெரியாது என்பதையும் கருப்பு மையால் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை, இ எத்தனை என்று எண்ணி அதையும் நிரப்ப வேண்டும். கூட்டினால் 200 வர வேண்டும். இதற்கென்றே தனியாக 15 நிமிஷம் தருகிறார்கள்.

ஏன் இந்தப் பாடு? பின்னால் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் கும்பலாக வந்து நின்றார்கள். விசாரித்தால், கொஞ்ச நேரத்தில் மறைந்துபோகும் மை! எழுதியது அழிந்த பிறகு, இடைத்தரகர்கள் சரியான விடையைக் குறித்திருக்கிறார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. 2020-இல் விதிகள் மாறின. வட்டம் காலியாக இருந்தால்தானே பிறகு யாராவது நிரப்ப முடியும்? அதனால் பிறந்தது 'இ'. இடது பெருவிரல் ரேகையும் அப்போது வந்ததுதான்.

அதோடு முடியவில்லை. தேர்வு முடிந்ததும், உங்கள் விவரம் உள்ள பகுதியும் விடை உள்ள பகுதியும் அறையிலேயே, எல்லார் கண் முன்னாலும், தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. கிழிகிற சத்தம் கேட்கும். அந்த நொடியிலிருந்து உங்கள் விடைத்தாளுக்குப் பெயர் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குத் தெரிந்தவர், எந்த ஊர், எதுவுமே அதற்குத் தெரியாது!

இந்தச் சத்தத்துக்கு நூறு வருஷக் கதை உண்டு. யாரோ ஒருவரின் சிபாரிசுக் கடிதம்தான் வேலை என்றிருந்த நாளில், 1924-இல் நீதிக்கட்சி ஆட்சி பணியாளர் தேர்வு வாரியம் அமைத்தது. 1929-இல் அது சென்னை மாகாணத் தேர்வாணையமாக வளர்ந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். பயோடேட்டாவோடு முத்துரங்க முதலி தெருவில் நின்ற எங்களைத் திருப்பி அனுப்பியது அந்தத் தேர்வு ஏற்பாடுதான். இப்போது யோசித்தால், திருப்பி அனுப்பியதே மரியாதை என்று தோன்றுகிறது. பயோடேட்டாவை அங்கே வாங்கி வைத்திருந்தால் அடுத்த கேள்வி 'யார் அனுப்பினாங்க' என்பதாகத்தானே இருந்திருக்கும்?

எட்டிப் பார்த்ததில் தெரிந்த இருட்டு

குதூகலத்தில் இதை மறைத்தால் தப்பு. எல்லா அறையிலும் விளக்கு எரியவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய அந்த 2024 நகராட்சித் துறைத் தேர்வில் வேலைக்குப் பணம் கைமாறியதாக 2025 அக்டோபரில் அமலாக்கத் துறை மாநிலக் காவல்துறைக்கு எழுதியது. துறை அமைச்சர் தரப்பு மறுத்தது. இன்னொரு பக்கம், நிரந்தர வேலைகளே குறைகின்றன. 2022 அக்டோபரின் அரசாணை எண் 152, மாநகராட்சிகளின் பல பணிகளை வெளி முகமைகளுக்கு விட வழி செய்தது. தொழிற்சங்கங்கள் இன்னும் அதை எதிர்க்கின்றன. 2019-இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தபோது வந்து நின்றவர்கள் சுமார் 7,000 பேர். அதில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்கு இருக்கும் விலை அதுதான்.

திரையில் குறையும் எண்

எழுதி முடித்த பிறகு? சில நாளில் உத்தேச விடைகள் வெளியாகும். உடனே மொட்டை மாடிகளில் கால்குலேட்டர்கள் விழித்துக்கொள்ளும், 'கட்-ஆஃப் எவ்வளவு போகும்' என்று ஊரே ஜோசியம் பார்க்கும். பிறகு தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு. 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி 200 புள்ளி இனசுழற்சிப் பட்டியல் தன் வேலையைக் காட்டும். அதற்குள் பெண்களுக்கு 30 சதவீதம்.

கடைசிக் காட்சி கவுன்சலிங். கலந்துகொண்டவர்கள் சொல்லும்போதே கண் விரிகிறது. திரையில் துறை வாரியாகக் காலியிடங்கள். முன்னால் இருப்பவர் ஒரு இடத்தைத் தொட்டதும் அந்த எண் ஒன்று குறையும். உங்களுக்குப் பிடித்த ஊருக்கு நேரே 3 இருந்தது 2 ஆகும், 2 இருந்தது 1 ஆகும், உங்கள் முறை வரும்போது... நெஞ்சு அடித்துக்கொள்ளுமா அடித்துக்கொள்ளாதா? யார் கண்டது, தாம்பரம் கேட்டவருக்குத் தர்மபுரி கிடைக்கலாம்!

மறுபடி அந்தத் தேர்வு நாளுக்கு வருவோம். பன்னிரண்டே முக்காலுக்குக் குரோம்பேட்டைப் பள்ளியின் கேட் திறந்தது. எங்கள் பெண் வந்தாள், இடது பெருவிரலில் மையோடு.

"எப்படி?"

"தமிழ் ஓகேக்கா. கணக்குதான் கொஞ்சம்..."

"இ எத்தனை போட்ட?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இருநூறும் தெரியுமா?"

"தப்பா போட்டா மார்க் குறைக்க மாட்டாங்கள்ல! தெரிஞ்ச மாதிரியே ஷேடு பண்ணிட்டேன்" என்று சிரித்தாள். "யாரு பண்ணதுன்னுதான் அந்தப் பேப்பருக்கே தெரியாதே!"