எல்லாருக்கும் மருத்துவம் கேட்கும் மாணவர் குழு

நோய் வந்த எவரும் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் நல்ல சிகிச்சை பெற வேண்டும். சிகிச்சை பெற்றதற்காக வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகக் கூடாது. அனைவருக்குமான மருத்துவம் என்ற கொள்கையின் சாரம் இவ்வளவே. இந்தியாவுக்கு இது புதிய கோரிக்கை இல்லை. பணம் கட்ட இயலாதவர் என்ற காரணத்தால் யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று ஜோசப் போர் தலைமையிலான குழு விடுதலைக்கு முன்பே, 1946இல், சொல்லிவிட்டது. 2010இல் திட்டக்குழு அமைத்த நிபுணர் குழு, கே. ஸ்ரீநாத் ரெட்டி தலைமையில் மறு ஆண்டு அறிக்கை தந்தது. மருத்துவத்துக்கு அரசு செலவிடும் தொகை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர வேண்டும் என்றது அந்த அறிக்கை. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையும் அதே 2.5 சதவீதத்தை 2025க்கான இலக்காக வைத்தது. 2021-22ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கணக்குப்படி எட்டியது 1.84. அந்த ஆண்டு நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்தது 39.4 சதவீதம். 2013-14இல் இருந்த 64.2 சதவீதத்திலிருந்து இது பெரிய இறக்கம்தான். ஆனாலும் நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பதை நோயாளியின் வீடே கட்டுகிறது.

இந்தக் கணக்கை மாற்றும்படி அரசைக் கேட்பதற்கென்று மாணவர்கள் குழு சேர்வது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அவற்றில் மிக நீண்ட பலன் தந்தது தாய்லாந்தின் கதை. 1973 அக்டோபரில் அங்கே ராணுவ ஆட்சியை மாணவர்கள் வீதிக்கு வந்து வீழ்த்தினார்கள். 1976 அக்டோபரில் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள், இயக்கம் சிதறியது. அந்தத் தலைமுறையின் மருத்துவ மாணவர்கள் பலர் பட்டம் பெற்றதும் கிராமத்து மருத்துவமனைகளுக்குப் போனார்கள். 1978இல் ஊரக மருத்துவர் சங்கம் உருவானது. அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் சங்குவான் நித்தயாரம்போங். வடகிழக்கே சிசாகெட் மாகாணத்தின் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்த்தவர் அவர். பிறகு சுகாதார அமைச்சகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, எல்லாருக்கும் காப்பு கொடுத்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 2001 தேர்தலில் ஒரு கட்சி அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு 30 பாட் திட்டமாக அறிவித்தது. சட்டம் வேண்டி மக்கள் அமைப்புகள் 50,000 கையெழுத்துகள் திரட்டின. 2002இல் தேசிய நலவாழ்வுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதுவரை எந்தக் காப்பும் இல்லாதிருந்த ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் உள்ளே வந்தார்கள். வீதியில் நின்றதிலிருந்து சட்டம் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். மாணவர் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு இது சற்றே சோர்வு தரும் எண்தான்.

குறுகிய காலத்தில் வென்ற குழுவும் உண்டு. 2001இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள், எய்ட்ஸ் நோய்க்கான ஸ்டாவுடின் என்ற மருந்தின் காப்புரிமை தங்கள் பல்கலைக்கழகத்திடமே இருப்பதைக் கண்டுகொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அதன் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தது. மாணவர்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கொடுத்த நெருக்கடியில் பல்கலைக்கழகமும் மருந்து நிறுவனமும் இறங்கி வந்தன. ஒரு மருந்து, ஒரு நாடு, கதவைத் தட்ட ஒரே அலுவலகம் என்று கோரிக்கை குறுகியிருந்ததுதான் அதற்குக் காரணம். இந்தியாவில் 1974இல் தொடங்கிய மெடிகோ பிரண்ட் சர்க்கிள், ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்தோடு தொடர்புடைய இளம் மருத்துவர்களும் மாணவர்களும் கூடிப் பேசத் தொடங்கியதில் பிறந்தது. அது போராட்ட அமைப்பு என்பதைவிடச் சிந்தனைக் களமாகவே வளர்ந்தது. 1976 முதல் ஓர் இதழும் நடத்தியது.

இனி, இப்படியொரு குழுவைத் திருநெல்வேலியில் தொடங்குவது பற்றிப் பார்ப்போம். இங்கே ஒரு குழு தொடங்குவதற்கு முன் தமிழ்நாட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். வெளிநாட்டு முழக்கங்களை அப்படியே எடுத்து வந்தால் இங்கே பொருந்தாது. பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939இலேயே சட்டம் செய்தது சென்னை மாகாணம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பும் முறையை நாட்டுக்கே முன்மாதிரியாக்கியது. சுகர், பிரஷர் நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டு தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் இயங்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

இவ்வளவும் இருக்கும் ஊரில் மருத்துவம் வேண்டும் என்று பொதுவாகக் கோஷம் போட்டால், அதுதான் இருக்கிறதே என்ற பதிலோடு அதிகாரி அடுத்த மனுவுக்குப் போய்விடுவார். இங்கே கேட்க வேண்டியது, இந்த ஏற்பாடுகளிலிருந்து யார் நழுவி வெளியே விழுகிறார்கள் என்பதை. தாமிரபரணிக் கரையில் அதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். நாள் முழுக்கப் புகையிலைத் தூளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களுக்கென 1976இல் நலநிதிச் சட்டமும், பீடி உற்பத்தியின் மேல் செஸ் வரியும் வந்தன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் நின்றுபோனது. நலத்திட்டங்களுக்கான பணம் பொது பட்ஜெட்டிலிருந்து வர வேண்டியதாயிற்று. தனக்கென்று வசூலான நிதி என்ற நிலையிலிருந்து, ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும் நிலைக்குப் பீடித் தொழிலாளி வந்துவிட்டார். அடையாள அட்டை இருந்தால்தான் இந்த உதவிகள். வீட்டில் மாமியார் பேரில் கணக்கு இருக்க, உண்மையில் சுற்றுபவர் மருமகள் என்றால் அட்டை யாருக்கு என்ற கேள்வி எழும்.

மாஞ்சோலை இன்னொரு பாடம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டங்களில் சிகிச்சைக்கான பொறுப்பு தோட்ட நிறுவனத்திடம்தான் இருந்தது; 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் விதித்தது. 2024இல் நிறுவனம் தோட்டத்தை விட்டு விலக முடிவெடுத்துத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தபோது, வேலையோடு ஒட்டியிருந்த மருத்துவமும் கேள்விக்குள்ளானது. வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மருத்துவக் காப்பு எதற்கும் இந்தக் கதி வரலாம். மாதம் 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டியவர் இஎஸ்ஐ காப்புக்கு வெளியே நிற்பதும் இதே வகைதான். பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் காணிக்காரர் குடியிருப்புகளுக்குப் பிரச்சினை வேறு: அங்கே சட்டத்தை முந்திக்கொண்டு தூரம் நிற்கிறது. வருமான வரம்பைச் சில ஆயிரம் ரூபாய் தாண்டிய ஆட்டோ ஓட்டுநர், செங்கல் சூளைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பம், புறநோயாளி மருந்துக்கு மாதாமாதம் தனியார் கடையில் செலவிடுபவர் என்று பட்டியல் நீளும். காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும் என்பதால், அந்தக் கடைசி வகையினர் காப்பீட்டுக் கணக்கில் கண்ணில் படுவதில்லை.

குழுவைத் தொடங்கப் பாளையங்கோட்டை வசதியான இடம். மருத்துவக் கல்லூரியும், 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன. சட்டக் கல்லூரி, தூய யோவான், தூய சவேரியார், சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரிகள் எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள். மருத்துவ மாணவர்கள் மட்டும் கூடினால் அது மருத்துவர்களின் குறைகளைப் பேசும் குழுவாகிவிடும் ஆபத்து உண்டு. மனு எழுதச் சட்ட மாணவர், கணக்கைப் படிக்கப் பொருளியல் அல்லது வணிகவியல் மாணவர், வார்டு எப்படி நடக்கிறது என்று சொல்ல நர்சிங் மாணவர் வேண்டும். சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்களை அழைத்தால் இன்னும் நல்லது. ஊர்ப்பெரியவர்களிடம் குறுக்கே பேசாமல் கதை கேட்கும் பயிற்சி அவர்களுக்கு இருக்கிறது. கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிப்பவர்களுக்கு அது வராது. மாணவர்களில் பலர் பஸ்ஸில் வந்து போகிறவர்கள் என்பதும் ஒரு பலம். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் ஆளுக்கு இருவர் வந்தாலே ஆற்றின் நீளம் முழுவதும் குழுவுக்குக் கண் இருக்கும்.

முதல் வேலை ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவில் நர்ஸ் இருக்கிறாரா, பிரஷர் மாத்திரை மாதம் முழுக்கக் கிடைக்கிறதா, பீடி அட்டை இல்லாதவர் எங்கே போகிறார் என்பன போன்ற ஒன்று போதும். அளந்து பார்க்க அளவுகோல்கள் தயாராக உள்ளன. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு, மலையில் என்றால் 3,000 பேருக்கு, ஒரு துணை நிலையம் என்பது தேசிய அளவிலான விதி. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, மானியக் கோரிக்கை எண் 19, தமிழிலேயே அச்சாகிறது. அதை வரிவிடாமல் படித்த மாணவர் ஒருவர் குழுவில் இருப்பது பத்துப் பதாகைகளைவிடப் பயன்தரும். அதில் இல்லாத விவரத்துக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில்.

நோயாளிகளிடம் பேசும்போது கவனம் தேவை. பெயரும் நோயும் சேர்ந்து வெளியே போகக் கூடாது. வார்டுக்குள் போன் எடுத்துப் படம் பிடிப்பது கூடவே கூடாது. பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பவர் கேள்வி கேட்பவரை டாக்டராகவே நினைப்பார். இல்லை என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இருக்காது. அதனால் பேச்சைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, ஊரில், வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. முறையான ஆய்வாக நடத்துவதென்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும்.

கிடைத்ததை எங்கே கொண்டு போவது? கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவுக்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபை இன்னும் வலுவானது. அங்கே தீர்மானமாகப் பதிவாகும் ஒரு வரியை அலுவலகத்தில் யாரும் மாணவர் விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. ஆனால் கிராமசபையில் பேசுகிறவர் அந்த ஊர் வாக்காளராக இருக்க வேண்டும். பஸ்ஸில் வந்து போகும் மாணவர்களின் அருமை அப்போது தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெல்லை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், இதே கிராமங்களில் இளைஞர்களைக் கொண்டு இரவு வகுப்புகள் நடத்திய அனுபவத்தை விட்டுச் சென்றிருக்கிறது. அதில் தொண்டாற்றியவர்கள் பலர் இன்றும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவது முதல் மாதத்தின் வேலை.

கல்லூரி நிர்வாகம் தயங்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழோ ஒரு துறை மன்றமாகவோ தொடங்கினால் அந்தத் தயக்கம் குறையும். கட்டுப்பாடும் கூடவே வரும். எந்தக் கட்சியின் மாணவர் பிரிவுக்குள்ளும் போகாமல், எல்லாப் பிரிவினரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆட்சி மாறினாலும் கேள்வி அதேதான் இருக்கப் போகிறது. பணம் கையாளும் அளவுக்கு வளர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். மருந்து நிறுவனத்திடமும் தனியார் மருத்துவமனையிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும்.

தொலைதூர இலக்கு சட்டம். ராஜஸ்தான் 2023இல் நலவாழ்வு உரிமைச் சட்டம் இயற்றியது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். நிறைவேறிய பிறகும் அதற்கான விதிகள் வகுப்பது இழுத்துக்கொண்டே போனது. தமிழ்நாட்டில் திட்டங்கள் ஏராளம், அவற்றை உரிமையாகக் கேட்க வழிசெய்யும் சட்டம் இல்லை. திட்டத்தை அரசாணை ஒன்றால் சுருக்கலாம், சட்டத்தை அப்படிச் சுருக்க முடியாது.

இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் எதிர்ப்பால் சாவதில்லை, பட்டமளிப்பு விழாவால் சாகின்றன. கலைக்கல்லூரி மாணவருக்கு மூன்று ஆண்டு, மருத்துவ மாணவருக்குப் பயிற்சியோடு ஐந்தரை. செயலர் பொறுப்பை இறுதியாண்டு மாணவருக்குக் கொடுத்தால் தேர்வு நெருங்கும்போது குழு படுத்துவிடும். இரண்டாம் ஆண்டுக்காரரிடம் கொடுத்து, முந்தையவர் ஓராண்டு பக்கத்தில் இருப்பதே சரி. மனுக்களின் நகலும் ரசீதும் ஒரே கோப்பில், கல்லூரிக்குள் ஓர் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். தகவல் உரிமை மனுவை அமைப்பின் பெயரில் போட முடியாது, தனி ஆளின் பெயரில்தான் போட வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு என்று அது நீளும். அதற்குள் மனுதாரர் படிப்பை முடித்துப் போயிருப்பார். ஆகையால் மனுவில் விடுதி முகவரியை எழுதாமல் சொந்த ஊர் முகவரியை எழுதுவது வழக்கமாக வேண்டும்.