மார்பகச் சீரமைப்புக்குப் பின் மீண்டும் ஓர் அறுவை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

“உயிர் பிழைத்ததே பெரிது, டாக்டர். இதற்கு மேலும் ஓர் அறுவையைப் பற்றிக் கேட்பது பேராசையா?”

புற்றுநோயால் மார்பகம் நீக்கப்பட்டு, பின்னர் சிலிகான் உள்வைப்பின் துணையால் அதனைச் சீரமைத்துக்கொண்ட பெண்கள், சில ஆண்டுகள் கழித்துத் தொடர்பரிசோதனைக்கு வரும்போது எழுப்பும் கேள்வி இது. பெரும்பாலும் பரிசோதனை முடிந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவை நெருங்கிய பிறகே இக்கேள்வி வெளிவருகிறது. மார்பு இறுகியிருக்கும், ஒருபுறம் மேலேறியிருக்கும், அப்பக்கமாகப் படுக்க இயலாதிருக்கும். ஆயினும் அதைச் சொல்லக் கூச்சம் தடுக்கும்.

கேட்பது பேராசையன்று. ஆனால் கேட்ட உடனே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும் என்பதும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே சிந்திக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உள்வைப்பு வாழ்நாள் முழுமைக்குமானதன்று

மார்பக உள்வைப்பு, ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும் பொருளன்று. சிலருக்குப் பல ஆண்டுகள் எவ்விதத் தொல்லையும் தராது. சிலருக்கு அதை மாற்றவோ, அகற்றவோ, இடம் திருத்தவோ நேரிடும். எனவே மறு அறுவை தேவைப்படுவது, முதல் அறுவை பிழையாகச் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. நோயாளியின் கவனக்குறைவும் அதற்குக் காரணமன்று.

உறை இறுக்கம்

மறு அறுவைக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று உறை இறுக்கம். உடலுக்குள் வைக்கப்படும் அயற்பொருள் எதுவாயினும், அதனைச் சுற்றித் தழும்புத் திசுவாலான மெல்லிய உறையொன்றை உடல் அமைத்துக்கொள்ளும். இதய நோயாளிகளுக்குப் பொருத்தப்படும் பேஸ்மேக்கரைச் சுற்றியும் இத்தகைய உறை உண்டாகும். இது இயல்பானது. அந்த உறை தடித்துச் சுருங்கி உள்வைப்பை நெருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

மருத்துவர்கள் இதனை ‘பேக்கர் அளவீடு’ கொண்டு நான்கு நிலைகளாகப் பிரிப்பர். முதல் நிலையில் மார்பு மென்மையாகவே இருக்கும். இரண்டாம் நிலையில் தொட்டால் சற்று இறுக்கம் தெரியும், தோற்றம் மாறாது. மூன்றாம் நிலையில் இறுக்கத்துடன் வடிவமும் மாறும். நான்காம் நிலையில் வலியும் சேர்ந்துகொள்ளும். முதலிரண்டு நிலைகளுக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை. மூன்றாம், நான்காம் நிலைகளில்தான் மறு அறுவை குறித்த பேச்சு எழும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற மார்பில் உறை இறுக்கம் உண்டாகும் வாய்ப்பு கூடுதல். இறுகிய மார்பைத் தளர்த்தும் நோக்கில் கையால் பலமாக அழுத்துவதோ பிசைவதோ கூடாது. உள்வைப்பு கிழிய நேரலாம்.

ஓசையின்றிக் கிழியும் உள்வைப்பு

உப்புநீர் நிரப்பிய உள்வைப்பு கிழிந்தால் மார்பு விரைவில் சுருங்கிவிடும், கண்ணாலேயே அறியலாம். சிலிகான் கூழ் நிரப்பியது கிழிந்தாலோ, கூழ் பெரும்பாலும் உறைக்குள்ளேயே தங்கிவிடும். பல மாதங்கள் எந்த அறிகுறியும் தோன்றாதிருக்கலாம். இதனைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. பரிசோதனை பெரிதும் உதவும். தொல்லை ஏதும் இல்லாதவர்களும் உள்வைப்பு வைத்து 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் முறையும், பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் பரிந்துரைத்தது. கிழிவு உறுதியானால், உள்வைப்பை அகற்றுவதே பொதுவான அறிவுரை.

அரிதாயினும் அறிந்திருக்க வேண்டியது

உள்வைப்பைச் சுற்றியுள்ள உறையில் மிக அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றலாம். இது மார்பகப் புற்றுநோயின் மறுவரவு அன்று, வேறொரு நோய். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட உள்வைப்புகளோடு இது மிகுதியும் தொடர்புடையது. இதன் காரணமாகவே 2019-இல் அத்தகைய உள்வைப்பு வகையொன்று உலகளவில் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

பல ஆண்டுகள் அமைதியாக இருந்த மார்பு திடீரென ஒருபுறம் நீர் கோத்து வீங்குவதே இதன் முதன்மையான அறிகுறி. அந்நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதித்து நோயை உறுதிசெய்யலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்து, உள்வைப்பையும் உறையையும் முழுமையாக அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். சொரசொரப்பான உள்வைப்பு இருப்பினும், தொல்லை எதுவும் இல்லாதவர்கள் அச்சத்தால் மட்டும் அதனை அகற்ற வேண்டியதில்லை.

முதலில் தெளிய வேண்டியது

புதிய கட்டியோ, தோல் மாற்றமோ, வடிவ மாற்றமோ தெரிந்தால், அழகுசார்ந்த திருத்தத்தைப் பற்றி எண்ணுமுன், பழைய நோய் திரும்பவில்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். கொழுப்புத் திசு இறுகுவதாலும் கட்டி போலத் தென்படக்கூடும். கையால் தொட்டு மட்டும் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஸ்கேனும், தேவையாயின் திசுப் பரிசோதனையும் முடிந்த பின்னரே அடுத்த படி. அறுவை செய்யப்படாத மறுபக்க மார்பகத்துக்கு மேமோகிராம் தொடர்ந்து எடுக்கப்பட வேண்டும் என்பதும் மறக்கலாகாது.

எப்போது செய்வது?

தொற்று, காயம் பிரிதல், உள்வைப்பு தோல்வழியே வெளித்தெரிதல் ஆகியவை அவசரமானவை, காத்திருத்தல் கூடாது. ஏனையவற்றில் பொறுமையே துணை. அறுவைக்குப் பிந்தைய வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். தழும்பு முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம். மூன்றாம் மாதத்தில் கோணலாகத் தெரிவது, ஆண்டு முடிவில் தானே சரியாகியிருக்கலாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்து குறைந்தது ஆறு மாதங்களேனும் இடைவெளி விடுவது வழக்கம்.

இக்காலத்தில் நோயாளி செய்யக்கூடியவையும் உண்டு. நீரிழிவைக் கட்டுக்குள் கொணர்தல், இரத்தசோகையைச் சரிசெய்தல், புகையிலையை எவ்வடிவிலும் அறவே விடுதல் ஆகியவை காயம் ஆறுவதற்கு அடிப்படை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையும் இதில் அடங்கும். டமாக்சிஃபென் மாத்திரை உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

உள்ள வழிகள்

உறையைத் தளர்த்தியோ அகற்றியோ புதிய உள்வைப்பைப் பொருத்துவது ஒரு வழி. கதிர்வீச்சு பெற்ற மார்பில் இறுக்கம் மீண்டும் வரக்கூடும் என்பதை அறிந்தே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்வைப்பை நீக்கிவிட்டு, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும், அல்லது முதுகின் தசையையும் தோலையும் கொண்டு மார்பை அமைப்பது இரண்டாவது வழி. உடலின் சொந்தத் திசுவாதலின் உறை இறுக்கம் என்னும் தொல்லை இதில் இல்லை. ஆயின் இது பல மணி நேரம் நீளும் பெரிய அறுவை. திசு எடுத்த இடத்திலும் தழும்பும் வலியும் இருக்கும்; மாற்றிய திசுவுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும் அபாயமும் உண்டு.

சிறு பள்ளங்களை நிரப்ப, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி மார்பில் செலுத்தலாம். அதில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடுமாதலால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய நேரலாம். இருபுறமும் ஒத்திருக்க வேண்டி மறுபக்க மார்பகத்தைத் தூக்கியோ குறைத்தோ அமைப்பதும் உண்டு.

உள்வைப்பை அகற்றி மார்பைச் சமமாகத் தைத்துவிட்டு, தேவைப்படும்போது உள்ளாடைக்குள் செயற்கை மார்பகம் அணிந்துகொள்வதும் முழுமையான தீர்வே. எதுவும் செய்யாமல், தவறாத கண்காணிப்போடு இருப்பதும் ஒரு முடிவே.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் தொல்லைக்குக் காரணம் என்ன? எப்பரிசோதனையால் அது உறுதியாயிற்று?
• இப்போது செய்யாவிடில் என்ன நேரும்?
• இந்த அறுவையால் எது மாறும்? எது மாறாது?
• மீண்டும் ஓர் அறுவை தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு?
• எத்தனை வாரம் கனம் தூக்காமலும் வேலைக்குச் செல்லாமலும் இருக்க வேண்டும்?
• செலவில் காப்பீடு எவ்வளவு ஏற்கும்? இதனை எழுத்து மூலம் பெறுக.

முதல் அறுவையின் குறிப்புகள், திசுப் பரிசோதனை அறிக்கை, கதிர்வீச்சு விவரம், உள்வைப்பின் வகையும் எண்ணும் கொண்ட அட்டை ஆகியவற்றை உடன் கொணர்க. மஞ்சள் பையில் பத்திரப்படுத்திய அந்தப் பழைய கோப்பு, புதிய பரிசோதனை பலவற்றைத் தவிர்க்க உதவும். வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டா; எந்த மருத்துவரும் அதனைத் தவறாகக் கொள்ளார்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

“இந்த வயதில் இது எதற்கு?” என்பது அக்கறையால் எழும் கேள்வியே. ஆயினும் அது வலியைச் சொல்ல வந்தவரின் வாயை அடைத்துவிடும். மாறாக, “எங்கே வலிக்கிறது? எது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். அறுவை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வற்புறுத்தாதீர்கள். அந்த உடலோடு நாள்தோறும் வாழ்பவர் அவர், முடிவும் அவருடையதே.

திடீர் வீக்கம், சிவப்பு, காய்ச்சல், புதிய கட்டி, காயத்தில் நீர் கசிதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வருக. மற்றபடி, கேட்க எண்ணியதைக் கதவருகே சென்ற பின் கேட்க வேண்டியதில்லை. உள்ளே வந்து அமர்ந்ததும் முதற் கேள்வியாகவே கேட்கலாம்.