முயலின் இதயம் தந்த பாடம்

மேற்புண்ணுக்கு மஞ்சளை அரைத்துப் பூசும் மண் நம் ஈரோடு. கண்ணுக்குப் புலனாகாத இதயப் புண்ணுக்கு எதனைப் பூசுவது? மருத்துவ அறிவியல் இதற்கு விடை கண்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வாயிலும் தோலிலும் வாழும் நுண்கிருமிகள் குருதியிற் கலந்து, ருமாட்டிக் காய்ச்சலால் முன்னரே பழுதுற்ற இதய வால்வில் தங்கிவிடுவதுண்டு. அங்கே உறைந்த குருதி அவற்றுக்குக் கோட்டையாகிறது. வெள்ளணுக்கள் அக்கோட்டையினுள் எளிதில் புக இயலா. பென்சிலின் வருமுன் இந்நோய் கண்டோர் பிழைத்தல் அரிது.

1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கிருமி செலுத்தப்பட்டது. பென்சிலின் பெற்ற நான்கும் மறுநாள் உயிரோடிருந்தன. பெறாத நான்கும் மடிந்தன. ஆயின் இதய வால்வு வேறொரு களம் அன்றோ? 1973இல் டுராக், பீட்டர்ஸ்டார்ஃப் ஆகிய ஆய்வாளர்கள், முயல்களின் இதயத்துள் மெல்லிய குழாயைச் செலுத்தி வால்வைப் புண்படுத்தி, நோய் வாராமற் காக்கும் மருந்து எதுவென ஒப்பிட்டனர். கிருமியின் பெருக்கத்தை மட்டும் நிறுத்தும் டெட்ராசைக்ளின் காக்கவில்லை. கிருமியைக் கொல்லும் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் இணைந்து காத்தன.

வெள்ளணுக்கள் துணைக்கு வாராத இடத்தில் மருந்தே கிருமியைக் கொன்றாக வேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது. எனவேதான் மருத்துவர்கள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஊசி மருந்து தருகின்றனர்.

காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவோர் நம்மிடையே பலர். காய்ச்சல் தணிதல் கிருமி ஒடுங்கியதன் அடையாளமாகலாம். அழிந்ததன் சான்று ஆகாது. மருத்துவர் குறித்த நாள்வரை மருந்துண்பதும், பல்லையும் ஈற்றையும் தூய்மையாகப் பேணுவதும், பிள்ளைகளின் தொண்டைப் புண்ணைப் புறக்கணியாது மருத்துவரிடம் காட்டுவதும் இதயத்துக்கு நாம் இடும் வேலியாகும்.