பக்கத்து வீட்டு ஜன்னலும் ஐந்து கிலோ கரியும்

சிப்பிக்காளான் வளர்க்கப் பெரிய முதல் தேவையில்லை. வீட்டின் பின்கட்டில் பத்துக்குப் பத்து அறை, வைக்கோல் வேகவைக்க ஒரு டிரம், பாலிதீன் பைகள், காளான் வித்து. இவற்றோடு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொஞ்சம் விவரம் கேட்டுக்கொண்டால் தருமபுரி மாவட்டம் மொரப்பூரில் ஒரு குடும்பமோ மகளிர் குழுவோ தொழிலைத் தொடங்கிவிடலாம். முதல் அறுவடை வரை எல்லாம் நன்றாகவே போகும். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும். வைக்கோல் ஊறிய தண்ணீர் சாக்கடையில் தேங்கி நாறும். பச்சைப் பூஞ்சை பிடித்த பைகள் சுவரோரம் குவிந்து கிடக்கும். "குழந்தைக்கு மூச்சு இழுக்குதுங்க, கொஞ்சம் பாருங்க" என்று மரியாதையாகத் தொடங்கும் பேச்சு, பத்து நாளில் தெருச் சண்டையாகிவிடும். சுவரின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வசதி குறைந்தவர்கள்தான்: ஒருவருக்கு அது வருமானம், மற்றவருக்கு அது மூச்சு.

இந்த நிலையில் யாராவது இணையத்தில் தேடி, 'கரி ஃபில்டர்' செய்யும் வீடியோவைக் காட்டுவார்கள். அந்த வீடியோக்களில் பல வெளிநாடுகளில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள் எடுத்தவை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தாலே 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாடையை மறைத்தால் குற்றம் மறையாது. ஆனால் கருவி எந்தச் செடியையும் சார்ந்ததல்ல. காளான் அறைக்கும், நாற்று வளர்க்கும் அறைக்கும் அது நியாயமாகவே பயன்படும், அதன் பலமும் பலவீனமும் தெரிந்தால்.

கரி வாடையைப் பிடிப்பது மேற்பரப்பால். கொட்டாங்குச்சியை முதலில் கரியாக்கி, அதன் மேல் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவியைச் செலுத்தினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கும். அதைத்தான் கடைக்காரர்கள் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார்கள். நல்ல சரக்கில் ஒரே ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது; நம் கணக்கில் 25 சென்ட் நிலம். காற்றில் வரும் வாடை மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப் போரில், 1915இல் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயு வீசப்பட்ட பிறகு, முகமூடிகளுக்குள் வைக்கக் கரி தேடி நாடுகள் அலைந்தன. அமெரிக்கர்கள் தேங்காய் ஓடும் பீச் பழக் கொட்டையும் சேகரித்தது அதற்காகத்தான். அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது. அதன் துளைகள் போதிய அளவு திறக்காதவை.

வீட்டிலேயே செய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் சுமார் 23 கன மீட்டர் காற்று. மணிக்கு ஆறு முறை மாற்ற 136 கன மீட்டர் ஓட்டம் வேண்டும். கம்பி வலையில் 20 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. உயரமும் உள்ள ஒரு உருளை, அதற்குள் 10 செ.மீ. விட்டத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள 5 செ.மீ. இடைவெளியில் கொசுவலை விரித்து, 3-4 மி.மீ. பருமனுள்ள கரித்துண்டுகளை நிரப்பினால் ஏறக்குறைய 5 கிலோ பிடிக்கும். அடி மூடியை இறுக அடைத்து, மேலே புளோயரை மாட்ட வேண்டும். வெளியிலிருந்து உள்ளே இழுபடும் காற்று கால் நொடி கரியோடு உராய்கிறது. சாதாரண வாடைக்கு அது போதும். உருளைக்கு வெளியே மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றினால் தூசியும் காளான் வித்துத்தூளும் கரியை அடைக்காது.

இங்கே பலர் சறுக்குவது விசிறியில். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் திறந்த சுவரில் நன்றாகச் சுற்றும், கரிப் படுகையின் எதிர்ப்பில் திணறிவிடும். அதனால்தான் காற்றை அழுத்தித் தள்ளும் புளோயர். ஈரமான அறையில் மின் வேலை என்பதால் எர்த் இணைப்பும், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கட்டாயம். கரியைக் கழுவிக் காயவைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்தக் கரித்தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரக்கரி மூட்டைகளை மூடிய தொட்டிக்குள் போட்டு வைத்தால் அது அங்கிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். உள்ளே இறங்குபவர் மயங்கி விழலாம். ஆசிட் ஊற்றி வீட்டிலேயே கார்பன் தயாரிக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி ஃபில்டர் செய்யாத வேலைகள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் நீராவியே துளைகளை நிரப்பிவிடும். காளான் அறுவடை அறையில் 80 முதல் 85 சதவீதம் ஈரம் வேண்டும். ஆகவே அந்த அறைக்கே நேரடியாக ஃபில்டர் மாட்டினால் பலன் சொற்பம். வித்து பரவும் உலர்ந்த அறையிலோ, ஊறிய வைக்கோலும் கழித்த பைகளும் இருக்கும் இடத்திலோ, அல்லது வராந்தாவின் உலர் காற்றோடு கலந்து இழுக்கும்படியோ வைப்பதுதான் பயன் தரும். கோழிக் கொட்டகையிலிருந்தும் பட்டுப்புழு மனையின் கழிவிலிருந்தும் கிளம்பும் அம்மோனியாவைச் சாதாரணக் கரி கிட்டத்தட்ட விட்டுவிடும். அதற்கு அமிலம் ஏற்றிய தனிக் கரி வேண்டும். கார்பன் மோனாக்சைடையும் அது பிடிக்காது. ஆகவே புகையும் அடுப்புள்ள அறையில் இதை நம்பிக் கதவைச் சாத்தினால் உயிருக்கே ஆபத்து.

தருமபுரியில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரி போட்ட பானைத் தண்ணீர் ஃபுளோரைடைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள் இங்கே உண்டு. தடுக்காது. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, மாற்று நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம். இந்த அளவை மீறும் நீருக்கு ஆக்டிவேட்டட் அலுமினா போன்ற வேறு முறைதான் தேவை.

காளான் வாடைக்குத் திரும்புவோம். அதன் வேர் பெரும்பாலும் காற்றில் இல்லை, கழிவில் இருக்கிறது. வைக்கோல் ஊறிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தென்னைக்கு விட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பூஞ்சை பிடித்த பையை அன்றே குழியில் புதைத்து மண் மூடலாம். கழிந்த பைகளிலிருந்து பாலிதீனைப் பிரித்துவிட்டு, மீதியைச் சாணத்தோடு கலந்து எருவாக்கலாம். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் வாடைக்குத்தான் கரி. அயலாரின் மூச்சுக்கு வாடையைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: சிப்பிக்காளான் கொட்டும் வித்துத்தூள். நாள்தோறும் அதைச் சுவாசிப்பவருக்கு இருமலும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். மருத்துவத்தில் அது 'காளான் தொழிலாளர் நுரையீரல்' என்றே அறியப்படுகிறது. குடை விரிந்து ஓரம் மேல்நோக்கி மடங்குவதற்கு முன்பே பறிப்பதும், அறுவடையின்போது என்-95 முகக்கவசம் அணிவதும் வளர்ப்பவரையே முதலில் காப்பாற்றும்.

சுவரின் மறுபக்கத்தில் இருப்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது? மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடை நாற்றத்தையும் ஒரு சாராய ஆலைக் கழிவின் துர்நாற்றத்தையும் பொறுக்க முடியாத குடியிருப்புவாசிகள் நியாயம் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. பணமில்லை என்று நகராட்சி சொன்னதை 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு ஏற்கவில்லை. 1991இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற காற்றும் நீரும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

ரத்லம் மக்கள் பயன்படுத்திய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கிறது. மக்களின் உடல்நலத்துக்கோ சுகத்துக்கோ கேடு செய்யும் தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ உத்தரவிட இது அதிகாரம் தருகிறது. மொரப்பூர்க்காரர்கள் அரூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் இந்தப் பிரிவு பலரைப் பாதிக்கும் தொல்லைக்கானது. ஒரே வீட்டின் பிரச்சினை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்பதே வழி. வளர்ப்பவரும் அஞ்சத் தேவையில்லை: முதலில் வருவது நிபந்தனை உத்தரவு. குறித்த நாளில் ஆஜராகித் தன் பக்கத்தைச் சொல்லவும், எடுத்த நடவடிக்கைகளைக் காட்டவும் அவருக்கு உரிமை உண்டு. ஃபில்டரும் எருக்குழியும் அங்கே அவர் கையிலுள்ள சாட்சி.

கரி வாங்கும்போதும் ஏமாற வேண்டாம். கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண் மூட்டையின் மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கொட்டாங்குச்சிக் கார்பனுக்கு அது 900க்கு மேல் இருக்கும். ஒரு பாட்டிலில் நீல மை கலந்த தண்ணீரை ஊற்றி இரண்டு கைப்பிடி கரியைப் போட்டுக் குலுக்கி ஒரு இரவு வைத்துப் பார்த்தால் நிறம் வெளுக்கும். அடுப்புக்கரியில் அப்படி வெளுக்காது. சாதாரணக் கரியை ஆக்டிவேட்டட் என்று விற்றால், ரசீது இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கரி தீர்ந்ததை மூக்கே சொல்லும். வெளியேறும் காற்றில் வாடை தொடங்கினால் மாற்ற வேண்டிய நேரம். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், அடைத்த துளைகள் திறக்காது.

மனு எழுதுகிறவர்கள் தேதி, நேரம், காற்று வீசிய திசை, எத்தனை வீடுகள், யாருக்கு என்ன உபாதை, முதலில் நேரில் பேசியபோது வந்த பதில் ஆகியவற்றை எழுதி, பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலோ 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலோ பதிவு செய்தால், தரும் மனு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அலுவலகப் படியேறும்போது அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.