நிரலாளர் பணியை எப்போது மதிப்பிடுவது?

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர் சிலர் இன்று கணினிக்கு நிரல் எழுதும் தொழிலில் அமர்ந்துள்ளனர். பாடாங் செராய்க்கு அண்மையில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் பினாங்குத் தொழிற்பேட்டைகளும் இத்தகையோருக்கு வேலை தருகின்றன. அவர்களுள் என்னிடம் பயின்ற ஒருவர் ஆண்டிறுதியில் வந்து வருந்தினார். மார்ச் மாதத்துக் குறையை மேலாளர் டிசம்பரில்தான் எடுத்துரைத்தாராம். ஊதிய உயர்வும் குறைந்ததாம். “அன்றே சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேனே, சார்!” என்றார்.

நிரலாளர் பணியை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மதிப்பிடுவது தக்கது? மதிப்பீடு என்னும் ஒரு சொல்லுள் இரு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று, வளர வழிகாட்டல். மற்றொன்று, தரம் பிரித்துத் தீர்ப்பளித்தல். மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் 1967இல் கல்வித்துறையில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்டார். கட்டுரை ஏட்டைத் திருத்தித் தருவது முன்னது. ஆண்டிறுதித் தேர்வு பின்னது. ஏட்டைத் திருத்தாமல் தேர்வு மட்டும் வைக்கும் ஆசிரியரை யார் ஏற்பர்?

எதனை மதிப்பிடுவது என்பதும் கருதத்தக்கது. ரப்பர்த் தோட்டத்தில் பாலின் எடை அன்றாடம் தெரிந்துவிடும். எடை ஒன்றையே கருதி ஆழ வெட்டினால் மரம் காயமுறும். புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். அக்கேடு, பல ஆண்டுகள் கழித்து அப்பட்டையில் கத்தி வைக்கும்போதே புலப்படும். ஆதலின் எடையோடு வெட்டையும் பார்த்தல் வேண்டும். நிரலும் அத்தகையதே. அவசரத்தில் எழுதியது இன்று ஓடும். பின்னர் அதனை மாற்ற வருபவர் இடர்ப்படுவார். எழுதிய வரிகளை எண்ணித் திறமை அளப்பது, எடையை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆண்டுக்கொரு மதிப்பீட்டை அடோபி நிறுவனம் 2012இல் கைவிட்டு, அவ்வப்போது உரையாடும் முறையை மேற்கொண்டது. ஊழியரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் 2013இல் நீக்கியது. எனினும், அடிக்கடி சொல்வதால் மட்டும் நன்மை விளைந்துவிடாது. குளூகர், டெனிசி ஆகிய இருவரும் அறுநூறுக்கு மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டனர். கருத்துரை சராசரியாகப் பணியை உயர்த்தியது. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் தாழ்த்தியது. கேட்பவர் மனம் பணியை விட்டுத் தம்மைப் பற்றிய எண்ணத்தில் சென்றால் பயன் குன்றும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆகவே, பணியின் போக்கை ஒட்டியே கால அளவை வகுத்தல் நன்று. எழுதிய நிரலை உடன் பணியாற்றுவோர் அவ்வப்போதே பார்த்துத் திருத்துதல் வேண்டும். நிரலாளர் குழுக்கள் பல இரண்டு வாரத் தவணைகளில் வேலை செய்கின்றன. தவணை முடிவில், நடந்ததைக் குழுவாகத் திரும்பிப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை மேலாளர் தனியே பேசலாம். புதியவரிடம் இன்னும் அடிக்கடி பேசுதல் நலம். ஊதியமும் பதவியும் பற்றிய தீர்ப்புக்கு ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ போதும். அந்நாளில் ஊழியர் முன்பே கேட்டறியாத குறை எதுவும் புதிதாகத் தோன்றலாகாது. குறையை உரிய காலத்தில் கூறாமை மேலாளரின் தவறேயன்றி ஊழியரின் தவறன்று.

மேலாளர் வாய் திறவாவிடில் இளைஞர்களும் வாளா இருத்தல் வேண்டா. “என் வேலையில் திருத்த வேண்டியது யாது?” என்று மாதந்தோறும் கேளுங்கள், கேட்டதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். வகுப்பில் கை உயர்த்திக் கேட்ட பழக்கம் வேலையிடத்திலும் உதவும்.